உங்க சக்கரம் ஒல்லி

அந்த அம்மா யாரையும் குண்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை. சக்கரத்தைத்தான் ஒல்லி என்பார். பெரிய உடம்புக்காரர் ஒருவர் கம்பி உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால், ஆளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். குனிந்து பின்சக்கரத்தைப் பார்ப்பார். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து அழுத்துவார். பிறகு, கல்யாணமாகிப் போன இடத்தில் கஷ்டப்படும் பெண்ணைப் பற்றிப் பேசுவது போல, "பாவம் சார், உங்க சக்கரம் ஒல்லி" என்பார். வந்தவருக்குத் தன் மேல் இருந்த வெட்கம் போய், சக்கரத்தின் மேல் இரக்கம் வந்துவிடும்.

கடை திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா போகும் சாலையில், பழைய பேப்பர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருந்தது. பதினொரு அடி அகலம். பெயர்ப்பலகை கிடையாது. கூரையிலிருந்து சக்கரங்களும் வெறும் ரிம்களும் தொங்கும். முதல் நாள் காத்திருந்தபோது எண்ணினேன், நாற்பத்து மூன்று. இவ்வளவு எண்ணியவன் அவர் பெயரைக் கேட்கவில்லை. தமிழ்க்காரர்கள் அம்மா என்றார்கள், தெலுங்குக்காரர்கள் அக்கா என்றார்கள், படித்த பையன்கள் ஆன்ட்டி என்றார்கள். மூன்றுக்கும் திரும்பிப் பார்த்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். என் கணக்கில் எடை நாற்பத்திரண்டு கிலோவைத் தாண்டாது. சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு சைக்கிள் தொழிற்சாலையில் சக்கரத்துக்குக் கம்பி கோக்கும் வேலை. கணவருக்கு ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை கிடைத்ததால் இங்கே வந்தவர்.

எனக்கு அப்போது வயது அறுபத்தாறு. எடை நூற்றுப் பதினொன்று. சித்தூரில் புள்ளிவிவர அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் மாமரங்களையும் ஆடுகளையும் எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவன். டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, "நடக்காதீர்கள், சைக்கிள் ஓட்டுங்கள்" என்றார். ஓட்டினேன். ஏழு மாதத்தில் சர்க்கரை இருநூற்று எண்பதிலிருந்து நூற்று அறுபதுக்கு இறங்கியது. அதே ஏழு மாதத்தில் பின்சக்கரத்தில் பத்தொன்பது கம்பிகள் உடைந்தன.

எங்கள் தெருமுனைக் கடைக்காரர் நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கனமான ஒன்றைப் போட்டார். கனமான இரும்பு ரிம், தடித்த கம்பி, கடைசியில் ரிக்‌ஷாவுக்குப் போடும் டயர். சைக்கிளும் என்னைப் போலவே ஆகிக்கொண்டு வந்தது. கம்பி மட்டும் விடாமல் உடைந்தது. உடைந்தால் சக்கரம் கோணிக்கொண்டு பிரேக்கில் உரசும், ஓட்ட முடியாது. சாலையோரம் நின்று வீட்டுக்குப் போன் செய்வேன். மனைவி ஆட்டோ அனுப்புவாள். இப்படிப் பதின்மூன்று போன். பதின்மூன்றாவது முறை அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"இன்னொரு வாட்டி ரோட்ல நின்னுக்கினு போன் பண்ணீங்கன்னா, சைக்கிள் பழைய இரும்புக்காரன்கிட்ட போய்டும். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்வாள். என் ரேடியோ அப்படித்தான் போயிற்று. சைக்கிளும் போனால் எனக்கு மிஞ்சுவது நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்தால் சர்க்கரை எந்த வேகத்தில் ஏறும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

திருப்பதியில் இருக்கும் என் மகள்தான் அந்தக் கடையைச் சொன்னாள். பின்சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் சக்கரம், பையில் உடைந்த கம்பிகள் பத்தொன்பது, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய காகிதம். கண்டக்டர் சக்கரத்தையும் என்னையும் பார்த்து, "மிகதா பண்டி எக்கட சார்?" என்றார். மீதி வண்டி எங்கே என்று கேட்கிறார். பஸ் சந்திரகிரி வரை சிரித்தது.

அந்த அம்மா சக்கரத்தை வாங்கிப் பார்த்தார். வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். பிறகு ரிம்மைத் துடைத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்பது போல, "சார், திருமலையில துலாபாரம் ஏதாவது போட்டுக்கிறீங்களா?" என்றார்.

தராசில் ஒரு தட்டில் ஆள், மறு தட்டில் அவர் எடைக்கு எடை வெல்லமோ சர்க்கரையோ அரிசியோ. மலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அறுபத்தாறு வயது வரை அந்தத் தட்டில் ஏறியதில்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

"எத்தினி கிலோ வெல்லம் வெச்சாங்க?"

"தொண்ணூத்தி ரெண்டு."

"நல்ல வேண்டுதல் சார்" என்று தலையசைத்தார்.

அரை நிமிடத்தில் இரண்டு பொய். போடாத துலாபாரத்தைப் போட்டதாகச் சொன்னேன், அதில் பத்தொன்பது கிலோவையும் மறைத்தேன். உடைந்த கம்பியும் பத்தொன்பது. இந்த ஒற்றுமை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நிம்மதி இல்லை.

துலாபாரத்தை அவர் எல்லாரிடமும் கேட்பார் என்பது அன்று மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வந்தான். நல்ல வாட்டசாட்டமான பையன். இணையத்தில் கறுப்பாகப் பளபளக்கும் கார்பன் சக்கரம் வாங்கியிருக்கிறான். ஒரு சக்கரத்துக்குப் பதினெட்டே கம்பி. இறகு போல இருந்தது. முன்னது நன்றாக இருந்தது, பின்னது எட்டு வடிவத்துக்கு வந்திருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் எடை என்ன என்று கேட்டேன். "எண்பத்தஞ்சு அங்கிள்" என்றான், அது அந்த அம்மா காதிலும் விழுந்திருக்கும். அந்த அம்மா துலாபாரம் பற்றிக் கேட்டபோது மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "நூத்தி முப்பது கிலோ சர்க்கரை ஆன்ட்டி! எங்க அம்மாவோட வேண்டுதல்."

எனக்குப் புரிந்துவிட்டது. எடை என்று கேட்டால் குறைத்துச் சொல்கிறவர்கள் காணிக்கை என்று கேட்டால் ஏற்றிச் சொல்கிறார்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நூற்று ஏழரை. அவருடைய சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. என் விஷயத்தில் நான் சொன்னது ஒரே எண், அதுவும் குறைத்துச் சொன்ன பொய் என்பது ஞாபகம் வந்ததும் பெருமை போய்விட்டது.

அந்தப் பையனின் சக்கரத்தைப் பார்த்து இன்னொருவன் சிரித்தான். பந்தய சைக்கிளோடு வந்த ஈர்க்குச்சி உடம்புக்காரன், தெலுங்குப் பையன். அவன் டயருக்குத்தான் அந்த அம்மா காற்று அடித்துக்கொண்டிருந்தார். "அக்கா, அவருக்கு லாரி டயர் போடு, சரியாப் போகும்" என்றான். அந்த அம்மா காற்றுக் குழாயைப் பாதியில் உருவினார்.

"காத்து தீந்து பூட்ச்சி பாபு."

"மிஷின் ஓடிக்கினே இருக்கே அக்கா?"

"அது வேற காத்து. அடுத்த கடைக்குப் போ."

பாதிக் காற்றோடு தள்ளிக்கொண்டு போனான். அடுத்த சைக்கிள் கடை நாலு கிலோமீட்டரில் இருந்தது.

கடையில் எடை மிஷின் ஒன்றும் இருந்தது. யாரோ நல்லெண்ணத்தில் வாங்கிக் கொடுத்ததாம். அதன் மேல் தண்ணீர்க் குடம் வைத்திருந்தார். முள் எப்போதும் குடத்தின் எடையைக் காட்டிக்கொண்டிருக்கும். காலையில் பதினாறு, சாயங்காலம் ஏழு.

என் முறை வந்தபோது நான் விறைப்பாக, "இருக்கிறதிலேயே கனமான ரிம் போடுங்க" என்றேன். அவர் ஒரு கையில் என் இரும்பு ரிம்மையும் இன்னொரு கையில் ஒரு அலுமினிய ரிம்மையும் கொடுத்தார்.

"எது பலம் சார்?"

"கனமா இருக்கிறது."

"கனம் வேற, பலம் வேற."

ரம்பத்தால் அறுத்த ரிம் துண்டு ஒன்றைக் காட்டினார். உள்ளே மேலும் கீழும் இரண்டு சுவர், நடுவில் வெற்றிடம், மூங்கில் துண்டு மாதிரி. என் இரும்பு ரிம்மில் ஒரே சுவர்தான். அது கனம் முழுவதையும் வைத்துக்கொண்டு வளைந்திருந்தது. இது பாதி எடைதான், ஆனால் நான் முழங்காலில் வைத்து அழுத்தியும் அசையவில்லை. முழங்கால்தான் வலித்தது.

பிறகு கம்பியை எடுத்தார். இரண்டு முனையும் தடிப்பு, நடு மட்டும் மெலிசு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குப் போய் மெலிஞ்ச கம்பியா?"

"இதுவரிக்கும் ஒடஞ்ச கம்பியெல்லாம் எங்க ஒடஞ்சிதுன்னு ஞாபகம் கீதா சார்?"

நான் பையைத் திறந்து பத்தொன்பதையும் மேஜை மேல் பரப்பினேன். அந்த அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தேதியோடு உடைந்த கம்பி கொண்டுவந்த முதல் ஆள் நான்தானாம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பதினெட்டு, அச்சின் பக்கம் வளையும் இடத்தில் முறிந்தவை. ஒன்று மறுமுனையில், திருகு மரையில். நடுவில் உடைந்தது ஒன்றுகூட இல்லை.

"நடு ஒடயவே ஒடயாது சார். அங்க மெலிசா இருந்தா, குழியில விழுறப்போ லேசா இழுத்துக் குடுக்கும். முனைக்கு அடி போவாது. முழுக்கத் தடியா கீற கம்பி இழுத்துக் குடுக்காது. வீம்பு புடிச்சிக்கினு நிக்கும், வளைவுல முறிஞ்சி பூடும்."

ஏழு மாதம் நான் அந்தக் கம்பிகளை எண்ணியிருக்கிறேன், தேதி எழுதியிருக்கிறேன். எங்கே உடைந்தன என்று பார்க்கவில்லை.

டயர் அகலமாக இருக்க வேண்டும் என்றார். நான் நினைத்தது போலத் தடிப்பாக அல்ல. முப்பத்தெட்டு மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் மெல்லியது. என் ரிக்‌ஷா டயரின் எடையில் பாதி. நான் எப்போதும் கல் மாதிரி ஆகும் வரை காற்று அடிப்பவன். அதற்கும் திட்டு விழுந்தது. "டயர் கொஞ்சம் அமுங்கணும் சார். அது அமுங்கலன்னா ரோட்டு அடி அப்டியே கம்பிக்குப் போவும். ரொம்பக் கொறச்சலாவும் வுடாதீங்க, டியூப் நசுங்கிப் பூடும்." பின்னால் அறுபத்தைந்து பவுண்டு காற்று, முன்னால் ஐம்பத்தைந்து என்று சாக்பீஸால் பழைய ரிம்மில் எழுதிக் காட்டினார்.

முப்பத்தாறு கம்பி கோத்தார். கை போன வேகத்தில் என்னால் எண்ண முடியவில்லை. கோட்டம் எடுத்தார். கம்பிகளைச் சுண்டிச் சுண்டி, ஒரே சத்தம் வரும் வரை திருகினார். கடைசியில் சக்கரத்தைத் தரையில் படுக்கவைத்து, இரு பக்கமும் கை ஊன்றித் தன் நாற்பத்திரண்டு கிலோவையும் போட்டு அழுத்தினார். கிரீச் கிரீச் என்றது.

"இப்பவே கத்தி முடிச்சிடட்டும். ரோட்ல கத்தக்கூடாது. நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு எடுத்துக்கினு வாங்க, இன்னொரு தரம் பாத்துடலாம்."

கடைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் மகள் வீட்டுக் காய்கறித் தராசில் போட்டுப் பார்த்தேன். பழைய சக்கரம் மூன்று கிலோ தொள்ளாயிரம். புதியது இரண்டு கிலோ நானூறு.

சித்தூரில் அந்தச் சக்கரத்தோடு முதல் ஐந்து நாள் நான் இருபது வயதுக்குப் போய்விட்டேன். மேட்டில் இறங்கித் தள்ளும் இடங்கள் மூன்று இருந்தன. இரண்டில் இறங்காமல் ஏறினேன். ஆனால் ஒவ்வொரு குழிக்கும் மனதில் ஒன்று இடித்தது. அந்த அம்மா கட்டியது தொண்ணூற்றிரண்டு கிலோ ஆளுக்கு. ஓட்டுவது நூற்றுப் பதினொன்று. இடையில் இருக்கும் பத்தொன்பது கிலோவை எந்தக் கம்பி சுமக்கிறது? முப்பத்தாறால் வகுத்தால் கம்பிக்கு அரைக் கிலோவும் சொச்சமும் வருகிறது, சின்னத் தொகைதான் என்று சமாதானம் செய்துகொண்டேன். துலாபாரத்துப் பொய்யை எதால் வகுப்பது என்று தெரியவில்லை.

எழுபத்தோராவது கிலோமீட்டரில் சத்தம் ஆரம்பித்தது. டிக். ஒரு சுற்றுக்கு ஒரு டிக். சக்கரத்தின் சுற்றளவை முன்பே அளந்து வைத்திருந்தேன், ஆகவே கிலோமீட்டருக்கு நானூற்று அறுபது டிக். ஒரு கம்பி சாகப்போகிறது என்று முடிவு செய்தேன். மெதுவாக ஓட்டினேன், பாட்டு முணுமுணுத்தேன், பயனில்லை. தொண்ணூற்றாறாவது கிலோமீட்டரில், வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு வரும்போது, அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"இன்னாங்க அது? மறுபடியும் ஆரம்பிச்சிட்ச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"காது கேக்குது எனக்கு. நாளைக்கு நானும் வரேன். அந்த அம்மா வாயால கேக்கறேன். சரியில்லன்னு சொன்னாங்கன்னா சக்கரம் அங்கியே கெடக்கட்டும். மீதிய இரும்புக்காரனுக்குப் போட்டுடறேன்."

மறுநாள் பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம், மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. சக்கரம் இருவர் மடியிலும் இருந்தது. அதே கண்டக்டர். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். கார்பன் சக்கரப் பையன், புதுப் பின்சக்கரத்துக்காகக் காத்திருந்தான். இன்னொருவர் திருமலையில் மடப்பள்ளி வேலை பார்க்கும் ஐயங்கார், நெற்றி நிறைய நாமம், வயிறு மடி வரை. அந்த அம்மா என் சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி மெல்லச் சுற்றிவிட்டார். டிக். டிக். காதைச் சாய்த்துக் கேட்டார். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து, இறுக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அய்யா துலாபாரம்லாம் போட்டுக்கிறாராமே. நீங்களும் கூட இருந்தீங்களாம்மா?"

"துலாபாரமா? இவரா?" என்றாள் மனைவி. என் பக்கம் திரும்பினாள். "என்னை வுட்டுட்டு எப்பங்க மலைக்குப் போனீங்க? யார் கூடப் போனீங்க?"

முப்பத்தெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என் மேல் வராத சந்தேகம். வேறு வழியில்லை. "போகவே இல்லை!" என்று கத்திவிட்டேன். "துலாபாரமும் பொய், தொண்ணூத்தி ரெண்டும் பொய். நான் நூத்திப் பதினொண்ணு!"

சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. டிக். டிக்.

"பெருமாள் பேர்லயா பொய் சொன்னேள்?" என்றார் ஐயங்கார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு டிக் கழிந்தது. "நானும் எண்பதுன்னுதான் சொல்லியிருந்தேன்மா. நூத்தி மூணு."

பையன் எழுந்து நின்றான். "ஆன்ட்டி, அந்த நூத்தி முப்பது சும்மா சொன்னது. நூத்திப் பதினேழு."

அந்த அம்மா கிரீஸ் கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, நிறுத்துங்க! கடையில நின்னுக்கினு இதெல்லாம் கத்துவாங்களா? மானம் போவுது!"

"சக்கரம் உடையுமா உடையாதா? அதைச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"எதுக்கு சார் ஒடயும்? அன்னிக்கே நூத்தி இருவதுக்குத்தான் கட்டினேன்."

"நான் தொண்ணூத்தி ரெண்டுன்னு சொன்னேனே?"

"நீங்க சொன்னீங்க. எனக்குக் கண்ணு கீது இல்ல?"

"அப்ப எதுக்குக் கேட்டீங்க?"

காதிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கன்னத்திலும் கறுப்புக் கோடு. "கேக்காமக் கட்டினா, பாத்த ஒடனே தெரிஞ்சிக்கினாளேன்னு உங்களுக்கு மனசு சங்கடமாவும். கேட்டா வாய்க்கு வந்தது ஒண்ணு சொல்லுவீங்க. சொல்லிட்டு நிம்மதியாப் போவீங்க. இத்தினி வருசமா அப்டித்தான் கடை நடந்துக்கினு இருந்துச்சி."

கூட்டி வகுக்கும் சூத்திரத்தை யாரிடமும் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அவர் திரும்பிச் சக்கரத்தை நிறுத்தினார். டியூபின் வால்வை விரலால் ஆட்டினார், டிக் என்றது. உள்ளே வெற்றிடம் உள்ள ரிம்மில் வால்வு தளர்ந்தால் இப்படித் தட்டுமாம். ஒரு துண்டு ரப்பரைச் செருகி, வால்வின் நட்டை இரண்டு விரலால் இறுக்கிவிட்டுச் சுற்றினார். சத்தம் இல்லை. ரிம் நூல் பிடித்தது போல ஓடியது.

"அவ்ளோதானா?" என்றாள் மனைவி.

"அவ்ளோதாம்மா."

"கம்பி?"

"ஒண்ணுகூட நெகிழல. அவரு ஓட்டட்டும்மா. நீங்க போனுக்குக் காத்துக்கினு இருக்கத் தேவையில்ல."

மனைவி கையைப் பிரித்தாள். சுற்றும் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கூரையில் தொங்குவதையெல்லாம் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பொம்பளைங்க ஓட்ற மாதிரி, நடுவுல பார் இல்லாத சைக்கிளுக்கும் இதுமாதிரி சக்கரம் கட்டுவீங்களா?"

"கட்டுவேனே. யாருக்கும்மா?"

"எங்க வீட்டாண்ட ஒரு அம்மா. அவங்களுக்கும் முட்டி வலி."

"அந்த அம்மா துலாபாரம் ஏதாவது போட்டுக்கிறாங்களா?"

மனைவி எங்கள் மூன்று பேரையும் ஒரு முறை பார்த்தாள். ஐயங்கார் தெருவைப் பார்த்தார். பையன் செல்போனைப் பார்த்தான். நான் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் அந்த அம்மாவின் அருகில் போய், குனிந்து, காதில் என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னது போலத்தான் இருந்தது. பெஞ்சு நுனி வரை நகர்ந்து பார்த்தும் எனக்கு எட்டவில்லை.

"நல்ல வேண்டுதல்மா" என்று அந்த அம்மா தலையசைத்தார். ஸ்டூலில் ஏறி ஒரு ரிம்மைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். நான் எழுந்து போய் அதில் இருந்த துளைகளை எண்ணினேன். முப்பத்தாறு. என்னுடையதிலும் முப்பத்தாறுதான். அதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.